நின்ற இடத்தோடு ஒரு படம்

அந்தச் செடிக்கு இரண்டே இலை. யாரோ இரண்டு வெற்றிலையைச் செம்மண்ணில் அமுக்கிவைத்துவிட்டுப் போன மாதிரி, இரண்டும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. தண்டு கிடையாது, முள் கிடையாது, வாசனையும் கிடையாது. பட்டாபிராம் காட்டில் அதுவரை நான் பார்த்து நோட்டில் எழுதிவைத்திருந்த நூற்றுச் சொச்சம் செடிகளில் இப்படி ஒன்று இல்லை. சுற்றிலும் காரைப் புதர், சூரை, ஆவாரை, இடையிடையே பனை. குனிந்த வாக்கிலேயே "இதைப் பாருங்கள்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பக்கத்தில் ஆள் இல்லை.

அந்த வருஷம் எனக்கு எதைச் சொல்லவும் ஆள் இல்லை. யுத்த பயத்தில் பட்டணம் பாதி காலியாகிவிட்டது. அக்காவின் கணவர் வேலை பார்த்த ஆபீஸை உள்நாட்டு ஊர் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா, குழந்தைகள், அம்மிக்கல் எல்லாம் ரயிலேறிப் போயின. அம்பத்தூர் வீட்டையும் என் வேலையையும் காப்பாற்ற நான் மட்டும் தங்கினேன். வேலை என்றால் பட்டணத்தில் ஒரு வக்கீலிடம் நகலெடுக்கும் குமாஸ்தா வேலை. ஆறு நாளும் காலை வண்டியில் போய், பிறர் சொத்துக்கு நான்கெல்லை எழுதிவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்புவேன். வண்டியில் எதிரே உட்கார்ந்து சீட்டாடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் பலகைகள்தான் மிச்சம். வீட்டுக்கு வந்தால் நான்கு அறையும் ஒரே மாதிரி ஒலிக்கும். அக்காவுக்கு வாரம் ஒரு கார்டு போடுவேன். செடி கொடியைப் பற்றி இரண்டு பக்கத்திலும் நெருக்கி எழுதுவேன். 'கூரை ஒழுகுகிறதா, அரிசி கிடைக்கிறதா' என்று பதில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னுடையது. ரயிலேறிப் பட்டாபிராம் காட்டுக்குப் போய்விடுவேன். என்னிடம் ஒரு பெட்டிக் காமிரா இருந்தது. ஊரைவிட்டுப் போன ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு ஒருவர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனது. ஒரு சுருளுக்கு எட்டுப் படம். தள்ளி நிற்கும் மனிதரையும் கோபுரத்தையும் அது ஒழுங்காகப் பிடிக்கும். பக்கத்தில் போனால் எல்லாம் பஞ்சாகிவிடும். எனக்கோ பக்கத்தில்தான் வேலை. இரண்டு சுருளை வீணாக்கிய பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். அக்காவின் கணவர் விட்டுப்போன பழைய மூக்குக்கண்ணாடியின் ஒரு சில்லைக் கழற்றிக் காமிராவின் கண்ணுக்கு முன்னால் மெழுகு வைத்து ஒட்டினால், சரியாக ஒரு முழத் தூரத்தில் இருப்பது மட்டும் துல்லியமாக விழும். ஒரு விரல் முன்னே போனாலும் போச்சு, பின்னே போனாலும் போச்சு. அதனால் காமிராவின் அடியில் ஒரு முழ நூலைக் கட்டி, நுனியில் முடிச்சுப் போட்டேன். முடிச்சு செடியைத் தொட வேண்டும், நான் மூச்சை நிறுத்த வேண்டும், அப்புறம் விசையை அழுத்த வேண்டும். இதைக் கண்டுபிடித்த அன்று சந்தோஷத்தில் அம்பத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் காரணமில்லாமல் நடந்துபோய்த் திரும்பி வந்தேன்.

இரண்டு இலையையும் அப்படித்தான் படம் பிடித்தேன். அதை எடுத்துக்கொண்டு, முன்பு நான் இன்டர்மீடியட் படித்த கல்லூரிக்குத் தாவரவியல் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். அவருக்கு என் முகம் ஞாபகமில்லை. படத்தை மட்டும் வெகுநேரம் பூதக்கண்ணாடியில் பார்த்தார். தரை ஆர்க்கிட் ஜாதி போலிருக்கிறது என்றார். மலையடிவாரத்தில் இருந்தால் இருக்கும், பட்டாபிராமிலா என்று புருவத்தை உயர்த்தினார். பூ இல்லாமல் எதையும் தீர்மானிக்க முடியாது என்றார்.

பூத்ததும் பறித்து வரட்டுமா என்று கேட்டேன்.

"பறித்தால் அது வெறும் பூ. ஏற்காட்டில் பறித்தது என்று நாளைக்கு ஒருவன் சொல்வான், உனக்குப் பதில் இருக்காது. செடி நின்ற இடத்தோடு, மண்ணோடு, பூவோடு ஒரு படம் கொண்டு வா. இடத்தின் பெயரும் உன் பெயரும் போட்டுச் சீட்டு எழுதி, அதோ அந்த அலமாரியில் நானே வைக்கிறேன்."

அலமாரியைப் பார்த்தேன். உயரமான தேக்கு அலமாரி. உள்ளே பழுப்புத் தாள்களில் ஒட்டிய செடிகள், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சீட்டு. எங்கெங்கோ மலை, எங்கெங்கோ ஆறு. அதில் பட்டாபிராம் என்று ஒரு சீட்டு. வேறெதுவும் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. நான் பார்த்ததை இன்னொருவர் பார்த்து, ஆமாம், இது இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு போனால் செடியைக் காணோம். அது காணாமல் போகவில்லை, எனக்குத்தான் இடம் தெரியவில்லை. அந்தக் காட்டில் ஒரு காரைப் புதருக்கும் மறு காரைப் புதருக்கும் வித்தியாசம் கிடையாது. வெயிலில் இரண்டு மணி நேரம் அலைந்து, வாயில் வராததெல்லாம் வந்து, கடைசியில் ஓர் இளம் வேப்பமரத்தடியில் கண்டுபிடித்தேன். இனி இந்த வம்பு வேண்டாமென்று, நோட்டுகளைச் சுற்றிவைத்திருந்த அக்காவின் கிழிந்த மஞ்சள் புடவைத் துண்டில் ஒரு நீளம் கிழித்து வேம்பின் கிளையில் கட்டினேன். ஆடுகள் மிதிக்காமலிருக்க மூன்று கல்லைப் பொறுக்கி வந்து செடிக்குப் பின்னால் வரிசையாக நட்டேன். புட்டியிலிருந்த தண்ணீரை வேருக்கு ஊற்றினேன். எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கக் குப்பத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். மகன் பட்டாளத்துக்குப் போயிருந்தான், புருஷன் இல்லை. நான் புதருக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பல நாள் சிரித்திருக்கிறாள். ஒரு நாள், காட்டில் எதையாவது தொலைத்துவிட்டேனா, கூட வந்து தேடட்டுமா என்று கேட்டாள். செடி பார்க்கிறேன் என்றேன். செடியை எதற்குப் பார்ப்பது, ஆடுதான் பார்த்துத் தின்னும் என்றாள். அந்த வாரம் முழுதும் நான் மனிதரோடு பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வேம்பில் துணி கட்டிய அன்று அவளிடம் போய், அந்த மரத்துப் பக்கம் மட்டும் ஆட்டை விடாதே, அந்த இடம் ரொம்ப முக்கியம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னால் புரியாது என்றேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆர்க்கிட், அலமாரி, சீட்டு எல்லாம் அவளுக்குப் புரிந்திருக்கும். பொறுமையாகச் சொல்ல எனக்குத்தான் முடியவில்லை. அவள் என் முகத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி நைனா என்று சொல்லிவிட்டு ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டிப் போனாள்.

ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தது. ஒவ்வொரு ஞாயிறும் முதல் வண்டியில் போவேன். வேம்படியில் குப்புறப் படுப்பேன், நூலைப் பிடிப்பேன், முடிச்சை இலைக்கு நடுவே வைத்து ஒத்திகை பார்ப்பேன், தண்ணீர் ஊற்றுவேன், எழுந்து வருவேன். இரண்டு நல்ல மழைக்குப் பின் இலைகளின் நடுவிலிருந்து விரல் நீளத்துக்குப் பச்சைக் குருத்து ஒன்று எழும்பியது. அடுத்த வாரம் அது ஒரு சாண். மேலே பச்சை மொட்டுகள், எண்ணினால் ஏழு. காட்டில் வேறெங்காவது இதன் ஜோடி இருக்கிறதா என்று ஒவ்வொரு புதராகத் தேடினேன். இல்லை. அதுவும் என்னைப் போலத்தான் என்று நினைத்து, உடனே அந்த நினைப்பே அசட்டுத்தனமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

காமிராவில் இரண்டு படம் மிச்சமிருந்தது. புதுச் சுருள் கேட்டால் ஸ்டூடியோக்காரர் கையை விரித்தார். சரக்கு எல்லாம் பட்டாளத்துக்கே போகிறதாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். பட்டாளம் அதற்குள் என் காட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. புதர்களுக்கு நடுவே நேர்கோட்டில் முளை அடித்துச் சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். சர்வே ஆள் ஒருவர் என் காமிராவைப் பார்த்துவிட்டு, இன்னும் சில நாளில் இங்கே வேலி வந்துவிடும், அப்புறம் இந்தப் பெட்டியோடு இந்தப் பக்கம் வந்தால் உள்ளே பிடித்துப் போடுவார்கள் என்று நல்லபடியாகவே சொன்னார். அன்று மொட்டு இன்னும் பச்சை. கடைசி மொட்டின் நுனியில் மட்டும் லேசாக வெள்ளை தெரிந்தது. நடுவாரத்தில் பூத்துவிடும் போலிருந்தது. வக்கீலிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். கேஸ் இருக்கிறது என்றார். ஒரு செடி பூக்கப்போகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல? ஆறு நாளும் நான்கெல்லை எழுதினேன். கிழக்கே, மேற்கே, வடக்கே, தெற்கே என்று எழுதும்போதெல்லாம் நடுவில் அந்த ஏழு மொட்டுதான் நின்றது.

ஞாயிறு காலை ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனேன். தூரத்திலிருந்தே வேம்பு மஞ்சளாகத் தெரிந்தது. நான் கட்டியது ஒரு துணிதான். இப்போது கிளைக்குக் கிளை துணி. பக்கத்தில் புகை. கிட்டே போனால், குப்பத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். வேம்பைச் சுற்றிப் புதரெல்லாம் வெட்டி, தரையைச் செதுக்கி, சாணம் மெழுகி, கோலம் போட்டிருந்தார்கள். என் மூன்று கல்லுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். முன்னால் பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருந்தது. கல்லுக்கு முன்னால், இரண்டு இலை கிடந்த இடத்தில், ஒரு கோலத்தின் நடுப்புள்ளி இருந்தது.

என்னைக் கண்டதும் ஆட்டுக்காரி எழுந்து வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த புடவை கட்டியிருந்தாள்.

"வா நைனா. உனுக்காவத்தான் பானைய எறக்காம கீறோம்" என்றாள்.

இதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

"இன்னா தெரியாத மாதிரி கேக்கற? துணி கட்டன, மூணு கல்லு நட்ட, வாராவாரம் தண்ணி ஊத்தி வுயுந்து வுயுந்து கும்புட்டுகினு போன. எங்குளுக்கு இன்னா கண்ணு இல்லியா? ஆட்ட வுடாதன்னு சொன்னியே, அப்பவே நெனச்சேன். படிச்ச புள்ள, வெளிய சொல்ல வெக்கப்படுதுன்னு."

பின்னாலிருந்து ஒருத்தி, காச்சட்டை போட்டவனுக்கு அம்மா கனவில் வந்திருக்கிறாள், நமக்கு வரமாட்டேன் என்கிறாளே என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ஆட்டுக்காரி சிரிக்கவில்லை. என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஆறு மாதமாக மகனிடமிருந்து கடிதம் இல்லையாம். போன வாரம் ஒரு நாள் அவளும் ஒரு துணியைக் கிழித்து என் துணிக்குப் பக்கத்தில் கட்டினாளாம்.

"மூணாம் நாளு காயிதம் வந்துட்ச்சி நைனா" என்றாள்.

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? செதுக்கிய மண்ணெல்லாம் எங்கே என்று மட்டும் கேட்டேன். ஓரமாகக் குவித்திருந்த செத்தையைக் காட்டினாள். கையால் கிளறினேன். இரண்டு இலையும் கிடைத்தன, வாடிச் சுருண்டிருந்தன. கீழே சிறிய உருளை போல ஒரு கிழங்கு, மண்வெட்டி பட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. நான் தேடுவதைப் பார்த்து அவள் ஏதோ ஞாபகம் வந்தவள் போல, பூ ஒன்று இருந்தது, அதை வீணாக்கவில்லை, அம்மாவுக்கு வைத்துவிட்டோம் என்றாள்.

நடுக்கல்லின் தலையில் இருந்தது. மஞ்சளும் குங்குமமும் கண்ணைப் பறித்ததில் நான்தான் பார்க்கவில்லை. அந்தப் பூக்களை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏழும் மலர்ந்திருந்தன. சுத்த வெள்ளை. ஒவ்வொன்றின் பின்னாலும் வால் போல ஒரு நீளக் குழல் வளைந்து தொங்கியது. ஓரங்கள் துவளத் தொடங்கியிருந்தாலும் உருவம் கெடவில்லை. கிட்டே போனபோது மெல்லிய வாசனைகூட இருந்தது.

ஆத்திரம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது? துணி என் துணி, கல் என் கல். பையிலிருந்து காமிராவை எடுத்தேன், கண்ணாடிச் சில்லை ஒட்டினேன், மெழுகிய தரையில் குப்புறப் படுத்தேன். முடிச்சைப் பூவில் வைத்தேன். முதல் படம் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அத்தனை பெண்களும் கை கூப்பிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டாவது படத்தையும் எடுத்தேன். எழுந்தபோது என் சட்டையெல்லாம் சாணமும் கோலமாவும்.

அம்மா போட்டோவில் விழுந்தாளா என்று ஆட்டுக்காரி கேட்டாள். ஒரு படம் கொடுத்தால் மகனுக்கு அனுப்புவேன் என்றாள். தருகிறேன் என்று சொன்னேன். தலையாட்டினேனே தவிர மனசில் வாங்கவில்லை. பனையோலையைப் பரப்பிச் சூடான பொங்கலை வைத்தார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து தின்றேன். எல்லோரும் என்னிடம் பேசினார்கள். எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, தனியாகவா சமைக்கிறாய், ஐயோ பாவம் என்றார்கள். பல மாதத்தில் அவ்வளவு பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்ததில்லை. அன்று போலத் தனியாக இருந்ததும் இல்லை.

இரண்டு படமும் நன்றாக விழுந்திருந்தன. சும்மா சொல்லக்கூடாது, காமிரா தன் வேலையைச் செய்துவிட்டது. பேராசிரியரிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியை வைத்ததும் அவர் முகம் மாறியது. ஆர்க்கிட்தான் என்றார். லத்தீனில் ஒரு பெயர் சொன்னார், எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டேன். அப்புறம் படத்தை மேஜையில் வைத்துவிட்டு, செடி எங்கே என்று கேட்டார்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். துணி, கல், தண்ணீர், குப்புறப் படுத்தது எல்லாம். பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த அறையிலிருந்த இன்னோர் ஆசிரியரைக் கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கதையை அவர்கள் முழுக்க நம்பினார்கள். பட்டாபிராமில் அந்தச் செடி முளைத்தது என்பதைத்தான் நம்பவில்லை.

"மஞ்சள் பூசின கல் எந்த மலையடிவாரத்திலும் இருக்கும் தம்பி. பூவை யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து சாத்தியிருக்கலாம். படத்தை வைத்துக்கொள்கிறேன். இடம் சந்தேகம் என்று சீட்டு எழுதுகிறேன், சரிதானே?"

பேனாவை மையில் தொட்டுவிட்டார். ஒரு விநாடி சும்மா இருந்திருந்தால் அலமாரிக்குள் போயிருப்பேன். என் பெயர், அதற்குக் கீழே சந்தேகம். "வேண்டாம் ஐயா, கொடுத்துவிடுங்கள்" என்று வாங்கிக்கொண்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. வெளியே வந்து ரோட்டில் நின்று படத்தைப் பார்த்தேன். நெல்மணி அளவில் ஏழு பூ. யாரிடம் காட்டலாம் என்று யோசித்துக்கொண்டே சென்ட்ரல் வரைக்கும் நடந்தேன். ஒருவர் முகமும் ஞாபகம் வரவில்லை. அக்காவுக்கு அனுப்பலாம். கூரை ஒழுகுகிறதா என்று கேட்பாள்.

பட்டாபிராமில் வேலி வந்துவிட்டது. முள்கம்பி, உள்ளே லாரிகள், புல்டோசர் போட்டு நிரவிய செம்மண். வேம்பு நின்ற திக்கில் தகரக் கொட்டகை. ரயிலிலிருந்து பார்த்தால் தெரியும். குப்பத்தையும் எழுப்பி ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். ஒரு ஞாயிறு வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். ஓலைக் குடிசை வாசலில் ஆட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். ஆடுகளில் பாதியை விற்றுவிட்டாளாம், மேய இடமில்லை. ஒரு படத்தை அவளிடம் கொடுத்தேன்.

அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கல்லு மூணும் அப்டியே வுயுந்துகீது நைனா. நடுவுல அம்மா மொகமே தெரீது" என்றாள்.

அந்தக் கல்லின் மேல் இருக்கிறதே, அந்தப் பூ தெரிகிறதா என்று கேட்டேன். விரலால் காட்டினேன். அவள் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், அப்புறம் தூரமாகப் பிடித்து, என் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே இன்னும் சற்று நேரம் பார்த்தாள்.

"எந்தப் பூவு?" என்றாள்.

வெள்ளையாக, சின்னதாக என்றேன். ஆமாம், இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மகன் அனுப்பிய கடிதத்தின் மடிப்புக்குள் படத்தைப் பத்திரமாக வைத்தாள். அதையும் ஓர் உறையையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, மகனுக்கு அனுப்ப உறைமேல் விலாசம் இங்கிலீஷில் எழுதித் தருகிறாயா என்று கேட்டாள். அவளிடம் பேனா இல்லை, என்னிடம் இருந்தது. வாசலில் உட்கார்ந்து, அவள் மகனுடைய பெயரையும் நம்பரையும் ரெஜிமென்டையும், கடிதத்தைப் பார்த்துப் பார்த்து, குண்டு குண்டாக எழுதிக்கொடுத்தேன்.